நம் தெருவில் இல்லாத ஆண்கள்

மகனே, ஸலாம். நீ சுகமாக இருக்கிறாய் என்பதை நேற்று வீடியோவில் உன் கன்னத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். நாங்களும் சுகம்தான், உன் வாப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் பழையபடி. முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளின் கட்டுரை நோட்டில் 'விஷயத்துக்கு வா' என்று சிவப்பு மையில் எழுதியவள் நான். நானே சுற்றி வளைத்தால் நன்றாக இருக்காது. ஆனாலும் சுற்றத்தான் போகிறேன் என்று தோன்றுகிறது. போனிலேயே சொல்லிவிடலாம் என்று நாலு நாளாகப் பார்த்தேன். உன் முகத்தைக் கண்டதும் வாய் 'சாப்பிட்டியா?' என்று கேட்டுவிட்டு நின்றுவிடுகிறது. அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். பொறுமையாகப் படி. நடுவில் போன் பண்ணாதே.

போன வெள்ளிக்கிழமை நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். நெதர்லாந்தில் நீ ஆராய்ச்சி முடித்த பல்கலைக்கழகத்திலேயே உனக்கு நிரந்தர வேலை தருகிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தென்காசிக்கு வரப்போகிறாய். அதற்கு நீ சொன்ன காரணம், உன் மாடல். மக்கள் எந்த ஊரை விட்டு எந்த ஊருக்கு, எதனால், எத்தனை பேர் போவார்கள் என்று சொல்லும் அந்தக் கணக்கில் தமிழ்நாட்டின் எல்லா ஊரும் ஏறக்குறையச் சொன்னபடி கேட்கிறது, நம் வார்டு மட்டும் கேட்கவில்லை. "கூலி வித்தியாசத்தைப் பாத்தா நம்ம வார்டுல பாதி ஆம்பளைங்க வெளியதான் இருக்கணும்மா. ஆனா ரெண்டாயிரத்துப் பதினொண்ணு சென்சஸ்ல எல்லாரும் வீட்டுல இருக்காவ. அப்ப என்ன அர்த்தம்? போனவங்க திரும்பி வந்துட்டாவ. கூலியையும் மிஞ்சி நம்ம ஊரு ஆளை இழுக்குது" என்றாய். சொல்லும்போது உன் கண் பளபளத்தது. அப்புறம் குரலை இறக்கி இன்னொன்றும் சொன்னாய். "எல்லாரு வாப்பாவும் வந்திருக்காவ. நம்ம வாப்பாதான் அப்ப வரலை. நான் அவியள மாதிரி இருக்க மாட்டேன், வந்துருதேன்."

உண்மையைச் சொல்லுகிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பிள்ளை வருகிறான் என்றால் எந்தத் தாய்க்கு வராது? மாடியறைக்கு வெள்ளையடிக்க ஆள் பார்க்க வேண்டும், உனக்குப் பிடித்த இடியாப்பம் பிழியப் புது உழக்கு வாங்க வேண்டும் என்று அரை நிமிடத்தில் எத்தனை யோசனை! அடுத்த அரை நிமிடத்தில் நீ சொன்ன சென்சஸ் எது என்று உறைத்தது. அந்த சென்சஸின்போது நம் தெருவில் வீடு வீடாகப் போய் எழுதியது யார் என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். எழுதியது நான்.

அந்தக் கதையைச் சொல்லும் முன், உன் கணக்கின்மேல் எனக்கு எவ்வளவு மரியாதை என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால், இந்த உம்மாவுக்கு என்ன தெரியும் என்று நினைத்துவிடுவாய். போன ஆடியில் நீ லீவில் வந்தபோது நாம் மூன்று பேரும் ஐந்தருவிக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நல்ல சாரல். உன் வாப்பா உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் குளிக்க வந்தியளா, பாடம் நடத்த வந்தியளா?" என்று கத்திவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்துவிட்டார். நீயும் நானும் குடையைப் பிடித்துக்கொண்டு கார்கள் நிற்கும் இடத்தில் நின்றோம். நீ ஒரு பஜ்ஜிக் காகிதத்தின் பின்பக்கத்தில் எந்த ஊர் வண்டி எவ்வளவு நிற்கும் என்று வரிசையாக எழுதினாய். "பெரிய ஊருன்னா கூட்டம் கூடும், தூரம் கூடுனா கொறையும், அவ்வளவுதாம்மா" என்றாய். கொல்லத்தை மட்டும் யோசித்துக் கீழே தள்ளி எழுதினாய். பக்கத்து ஊர்தானே, ஏன் என்று கேட்டேன். "நடுவுல புளியறை செக்போஸ்ட் இருக்குல்லா? பாஷை மாறுது, போர்டு மாறுது. அதைத் தாண்டுததுக்கே மனுசனுக்கு இன்னும் பல மைல் தூரம் மாதிரி தோணும். கணக்குல அதையும் சேக்கணும்" என்றாய்.

பிறகு நம்பர் பிளேட்டுகளை எண்ணினோம். நான் சத்தமாக எண்ண, நீ கோடு போட்டாய். திருநெல்வேலி, மதுரை, தூத்துக்குடி, விருதுநகர், கொல்லம் என்று நீ முன்கூட்டியே எழுதிய வரிசை அப்படியே வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. யோசித்துப் பார், அந்த ஒவ்வொரு காருக்குப் பின்னாலும் ஒரு வீட்டில் ஒரு சண்டை நடந்திருக்கும். போகலாம் என்று ஒருத்தி, பெட்ரோல் யார் போடுவது என்று ஒருத்தன், பரீட்சை இருக்கிறது என்று ஒரு பிள்ளை, மாமியாரை யாரிடம் விடுவது என்று ஒரு முணுமுணுப்பு. அவரவர் தம் இஷ்டத்துக்கு முடிவெடுத்ததாகத்தான் நினைத்துக்கொண்டு வந்திருப்பார்கள். அத்தனையும் ஒரு பஜ்ஜிக் காகிதத்தில் ஒரு வரிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. "யா அல்லாஹ்" என்றேன். நீ சிரித்தாய். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. படைத்தவன் போட்டுவைத்த ஒழுங்கு ஒன்று கண்ணெதிரே நம்பர் பிளேட் மாட்டிக்கொண்டு நின்றால் வேறு என்ன சொல்லுவது?

அன்று திரும்பும் வழியில் நீ இன்னும் ஒன்று சொன்னாய். ஒருவன் ஊரை விட்டுக் கிளம்புவது அங்கே கிடைக்கும் கூலிக்காக மட்டும் இல்லை, அது கிடைக்கும் என்கிற வாய்ப்பையும் சேர்த்துப் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறான்; அதனால்தான் வேலை நிச்சயம் இல்லாத ஊருக்கும் கூட்டம் போய்க்கொண்டே இருக்கிறது என்றாய். முன் சீட்டில் உன் வாப்பா தூங்கிக்கொண்டு வந்தார். நான் அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுரண்டையில் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்த மனுஷன், உனக்கு நாலு வயதில், "அங்கன போனா ஒண்ணு கெடைக்கும், இல்லாட்டி வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்த 'ஒண்ணு கெடைக்கும், இல்லாட்டி' என்பதைத்தான் நீ பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறாய். சவூதியில், தம்மாமில் ஒரு பக்காலாவில், அதுதான் அவர்கள் ஊர் பலசரக்குக் கடை, மூட்டை இறக்கும் வேலை கிடைத்தது. அவர் போன பிறகு அடுத்த வீட்டுக் காதர் போனான். காதருக்குப் பின்னால் அவன் மச்சினன், மச்சினனுக்குப் பின்னால் எதிர்வரிசை முழுக்க. "அதுக்கும் கணக்குல ஒரு எழுத்து இருக்கும்மா. ஏற்கெனவே அங்கன போய் இருக்குற தெரிஞ்ச ஆளுங்க எத்தனைங்கிறது" என்றாய். நான் தலையணையை நனைத்த வருடங்களுக்கெல்லாம் எங்கோ ஒரு வாத்தியார் ஒரு எழுத்து போட்டுவைத்திருக்கிறார் என்றால் ஆச்சரியமாக இருக்காதா? கோபம்கூட வந்தது, ஆனால் ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது.

இப்போது சென்சஸ் எடுத்த அந்தப் பிப்ரவரிக்கு வருகிறேன். கணக்கெடுக்கப் போன டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது தெளிவாகத்தான் சொன்னார்கள். கணக்கெடுக்கும் நாட்கள் முழுக்க வெளியே இருப்பவரை அந்த வீட்டில் எழுதக் கூடாது. நானும் நோட்டில் குறித்துக்கொண்டு, இரண்டு தரம் அடிக்கோடும் போட்டுக்கொண்டுதான் போனேன். முதல் வீடு காதர் வீடு. அவன் பெண்டாட்டி மைமூன் இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். லீவில் வந்து கல்யாணம் முடித்த மூன்றாம் மாதம் மறுபடி விமானம் ஏறிய காதர், குழந்தையை அதுவரை பார்க்கவில்லை. வீட்டில் யார் யார் என்று கேட்டேன். "மொதல்ல எங்க வீட்டுக்காரவ பேரு" என்றாள்.

"காதர் தம்மாம்லல்லா இருக்கான்? இந்த மாசம் ஒரு நாளாவது இங்கன இருந்தாத்தான் நான் எழுத முடியும்" என்றேன்.

"அப்ப இல்லைன்னு எழுதப் போறியளா, டீச்சரக்கா?" என்று படிவத்தின்மேல் கையை வைத்துவிட்டாள்.

நம் தெருப் பழக்கம் உனக்குத் தெரியாமல் இருக்காது. கடல் தாண்டிப் போன ஆம்பிளையைப் பற்றி யார் கேட்டாலும் 'இல்லை' என்று வீட்டுப் பெண் வாயால் சொல்ல மாட்டாள். தபால்காரர் கேட்டாலும் சரி, கரண்டு பில் எடுக்க வந்தவர் கேட்டாலும் சரி, 'வருவாவ' என்பதுதான் பதில். மவுத்தாகி மண்ணுக்குள் போனவருக்குத்தான் நம் தெருவில் 'இல்லை' என்பார்கள். அவன் போட்டுக் கழற்றிய செருப்பைக்கூட வாசலிலிருந்து எடுக்க மாட்டார்கள். மைமூன் அதைத்தான் காட்டினாள். "அந்தா கெடக்கு பாருங்க அவிய செருப்பு. தெனம் தொடச்சு வைக்கேன். செருப்பு கெடக்குற வீட்டுல ஆம்பளை இல்லைன்னு உங்க கையால எழுதுவியளா? எழுதுங்க பாப்போம்." அவளுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. உதடு துடிக்கிறது, ஆனால் கையை எடுக்கவில்லை. நான் சட்டம் பேசிப் பார்த்தேன். அப்புறம் அந்தக் குழந்தை என் பேனாவைப் பிடித்து இழுத்தது. எழுதிவிட்டேன்.

அடுத்த வீட்டிலும் அதே கதை. மூன்றாவது வீட்டில் நான் கேட்கவே இல்லை, "அவியளையும் சேத்துத்தான?" என்று நானே எழுதினேன். தெருவை முடித்துவிட்டுக் கடைசியில் நம் வீட்டுக்கு வந்தேன். நம் வீட்டில் கேள்வி கேட்டவளும் நான், பதில் சொன்னவளும் நான். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் உன் வாப்பாவின் பெயரை எழுதினேன். சுகமாக இருந்தது. அவர் உள்ளே குளித்துக்கொண்டிருக்கிறார், இதோ வந்து சோறு கேட்பார் என்பதுபோல இருந்தது. அதோடு விட்டேனா? நம் வார்டின் மற்ற தெருக்களுக்குப் போன மூன்று டீச்சர்களும் சின்னப் பிள்ளைகள். "அக்கா, இப்படி அழுதாவளே, என்ன செய்ய?" என்று என்னிடம்தான் வந்தார்கள். "எழுதிருங்கட்டி, என்ன குடிமுழுகிப் போவுது?" என்றேன். எத்தனை சுலபமாகச் சொன்னேன் பார்.

ஆக, நீ கண்டுபிடித்த அந்தத் திரும்பி வந்த ஆண்கள் யாரும் திரும்பி வரவில்லை. அந்த மாதம் நம் தெருவில் இருந்தவர்கள் பெண்கள், பிள்ளைகள், கிழவர்கள், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார். உன் ஞாபகமும் உன்னை ஏமாற்றியிருக்கிறது. சின்ன வயதிலேயே ஹாஸ்டலுக்குப் போன நீ வீட்டுக்கு வந்ததெல்லாம் மே மாதத்திலும் பெருநாளிலும். அவர்களும் லீவு வாங்கிக்கொண்டு அப்போதுதான் வருவார்கள். நீ பார்த்தபோதெல்லாம் தெரு நிறைய ஆம்பிளைகள், பெட்டி பெட்டியாக சென்ட் வாசனை, தெருமுனையில் கேரம் போர்டு. நீ பஸ் ஏறிய மறுவாரம் நம் தெரு எப்படி இருக்கும் என்று நீ பார்த்ததே இல்லை. பார்க்கக் கூடாது என்றுதான் உன்னை ஹாஸ்டலில் போட்டேனோ என்னவோ.

வெட்கத்தோடு சேர்ந்து எனக்கு ஒரு பிரமிப்பும் இருக்கிறது, அதையும் மறைக்கப் போவதில்லை. பதினைந்து வருடத்துக்குக் கிட்ட ஆகிவிட்டது. நாலு டீச்சர்கள் நாலைந்து தெருக்களில் எழுதிய பொய். எத்தனை படிவம், எத்தனை மூட்டை, எத்தனை கம்ப்யூட்டர் தாண்டிப் போயிருக்கும்! யாருக்கும் ஒரு சந்தேகம் வரவில்லை, நானே மறந்துவிட்டேன். ஏழு கடலுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிற உன் கணக்கு மட்டும், தமிழ்நாட்டில் இத்தனை ஊர் இருக்க, நேராக நம் வாசலுக்கு வந்து, "இங்கே இத்தனை ஆண்கள் இருக்க முடியாதே" என்று விரல் நீட்டியிருக்கிறது. நீதான் அதை நம்பவில்லை. நம் வார்டில் உன் மாடல் தோற்றுவிட்டது என்றாய். தோற்கவில்லையடா, அங்கேதான் ஜெயித்தது. அரசாங்கத் தாளில் முத்திரையோடு இருந்ததால் நீ தாளை நம்பிவிட்டாய். நான் கண் எதிரே வந்து நின்ற மைமூனின் உதட்டை நம்பி எழுதினேன். இரண்டு பேரும் படித்தவர்கள்தான்.

இதை முந்தாநாள் மத்தியானம் உன் வாப்பாவிடம் சொன்னேன். ஊர் திரும்பிய பிறகு வைத்த தன் கடையைச் சாத்திவிட்டு வந்து சோற்றில் கை வைத்திருந்தார். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப அந்த வருசம் நான் இங்கனயா இருந்தேன்? ஏட்டி, சொல்லியிருந்தா தம்மாம்ல லீவு எழுதிக் குடுத்துருப்பேனே! ஒரு ஆளு ரெண்டு எடத்துல இருந்தது நான்தான் போ" என்றார். அப்புறம் நீ அவரைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். மறைக்க நினைத்தேன், முடியவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. வெகு நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "எல்லாரும் வந்தாவ, நான் மட்டும் வரலைன்னா நெனைக்கான்?" என்றார். ஆமாம் என்றேன். "சரி, நெனைச்சுட்டுப் போறான். நீ ஒண்ணும் சொல்லாத. வாற புள்ளையை ஏன் தடுக்க? என்னைய என்ன வேணும்னாலும் நெனைக்கட்டும், வந்து சேரட்டும்." கை கழுவ எழுந்தவர், குழாயைத் திறந்துவிட்டுக் கழுவாமல் நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் முடிவு செய்தேன், உனக்கு எழுதிவிடுவது என்று. அவருக்கு இது தெரியாது.

இன்னும் ஒன்று பாக்கி. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதிப் பொய்யாகிவிடும். அந்த வருடம் உன் வாப்பா வருகிறேன் என்றார். அதே பிப்ரவரியில் போன் பண்ணி, "போதும்ட்டி, பயலைப் பாத்து ஒரு வருசமாச்சு, வந்துருதேன்" என்றார். நான்தான், "மாடி போட்டு முடிச்சுருவோம், இன்னும் ரெண்டு வருசம்" என்றேன். அந்த இரண்டு வருடம் முடிந்ததும் இன்னொரு இரண்டு வருடம், உன் காலேஜுக்கு. ஒரு தடவை அவர் பெட்டிகூட வாங்கிவிட்டார். ஒவ்வொரு தடவையும் சரி என்றார். படிவத்தில் அவர் பெயரை எழுதிக் கொஞ்சியதும் நான், போனில் வரவேண்டாம் என்றதும் நான், இரண்டும் ஒரே மாதத்தில். ஊரைவிட்டுப் போவதை ஒருவன் தனியாக முடிவு செய்வதில்லை, வீடே சேர்ந்துதான் முடிவு செய்கிறது என்று நீ ஒரு நாள் சொன்னாய். உன் புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறார்களோ, நம் வீட்டில் அந்த வீடு என்பது நான்தான். ஆகவே அவர் வராததற்கு நீ யார்மேலாவது கோபப்பட வேண்டும் என்றால் என்மேல் படு. எனக்குத் தாங்கும். அவருக்குத் தாங்காது.

நீ வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேனா என்று கேட்டால், ஆசைப்படுகிறேன். தினமும் ஆசைப்படுகிறேன். மார்க்கெட்டில் உன் வயதுப் பிள்ளை எவனாவது உம்மாவுக்குப் பை தூக்கிக்கொண்டு போனால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஆனால் நான் எழுதிய பொய்யைப் படித்துவிட்டு வராதே. வந்த பிறகு என்றைக்காவது உனக்கே தெரியவரும். அன்றைக்கு உனக்கு இந்த ஊரும் கசக்கும், நானும் கசப்பேன். ஏதோ ஓர் ஆராய்ச்சி மாநாட்டில் நம் வார்டைப் பற்றிப் பேசப்போவதாகச் சொன்னாயே, அதையும் நிறுத்து. எங்கள் உம்மாதான் தப்பாக எழுதிவிட்டாள் என்று பேர் சொல்லியே சொல்லு, வெட்கப்பட மாட்டேன். நம் வார்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோ திருத்திக்கொண்டோ, மறுபடி உட்கார்ந்து யோசி. வேலையில் சேரத் தோன்றினால் சேர். வரத் தோன்றினால் வா. இந்தத் தடவை நான் 'இன்னும் ரெண்டு வருசம்' என்றும் சொல்ல மாட்டேன், 'உடனே வா' என்றும் சொல்ல மாட்டேன். இரண்டையும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும்.

மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதை மெதுவாக முடிவு செய்யலாம். வேறொன்றுக்கு நாள் இல்லை. வாப்பா மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்து கொஞ்ச நேரம் கட்டிலில் படுத்திருப்பார். நாளைக்கு அந்த நேரத்துக்கு அவருடைய போனுக்குப் பேசு, என்னுடையதற்கு வேண்டாம். நான் கடைவீதிக்குப் போய்விடுவேன். பெரிய பேச்செல்லாம் வேண்டாம். "வாப்பா, அந்த வருசம் யாருமே வரலையாமே" என்று மட்டும் சொல்லு. அவர் உடனே ஒன்றும் சொல்ல மாட்டார். போனை வைத்துவிடாதே.